பன்னாட்டு மன்னிப்பு அவையின் தலைமை மாற்றம், 1967

பன்னாட்டு மன்னிப்பு அவையின் 1967 ஆம் ஆண்டுத் தலைமை மாற்றம் என்பது, அவ்வவையின் நிறுவனர் பீட்டர் பெனன்சன் பொறுப்பிலிருந்து விலகியதையும், அதனைத் தொடர்ந்து அவையின் நிருவாக அமைப்பு மாற்றியமைக்கப்பட்டதையும் குறிக்கும். ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் எனப் பரவலாக அறியப்படும் இவ்வவை, பல நாடுகளில் உள்ள உறுப்பினர்களைக் கொண்டு இயங்கும் இலாப நோக்கமற்ற மனித உரிமை அமைப்பாகும்.

பின்னணி

பிரித்தானிய வழக்கறிஞரான பெனன்சன், 1961 மே 28 அன்று தி அப்சர்வர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். வன்முறையில் ஈடுபடாது, தமது கருத்துக்காகவோ சமய நம்பிக்கைக்காகவோ சிறையில் அடைக்கப்பட்டவர்களை விடுவிக்குமாறு அக்கட்டுரை வேண்டியது. இவர்கள் மனச்சான்றுக் கைதிகள் என அழைக்கப்பட்டனர். ஓராண்டுப் பரப்புரையாகத் தொடங்கிய இம்முயற்சி 1962 இல் நிலையான அமைப்பாக மாறியது.

உறுப்பினர்கள் சிறு குழுக்களாக இயங்கினர். ஒவ்வொரு குழுவும் மூன்று கைதிகளைத் தத்தெடுத்தது: ஒருவர் மேற்கு நாடுகளிலிருந்தும், ஒருவர் பொதுவுடைமை நாடுகளிலிருந்தும், மற்றவர் மூன்றாம் உலக நாடுகளிலிருந்தும் தெரிவு செய்யப்பட்டனர். பனிப்போர்க் காலத்தில் எத்தரப்பையும் சாராத அமைப்பு என்ற நற்பெயரை ஈட்ட இம்முறை உதவியது. கைதியின் சார்பில் எழுதப்படும் மடல் ஓர் அரசின் தூண்டுதலால் எழுதப்பட்டது என்ற ஐயம் எழுந்தால், அதற்கு எவ்விதப் பயனும் இராது. எனவே நடுநிலையே அவையின் முதன்மையான மூலதனம் எனலாம்.

ஆயினும், தொடக்க ஆண்டுகளில் முக்கிய முடிவுகள் பலவும் நிறுவனரின் தனிப்பட்ட முன்முயற்சியையும் தொடர்புகளையும் சார்ந்திருந்தன.

நெருக்கடி

1966-67 இல் மூன்று நிகழ்வுகள் அடுத்தடுத்து இந்நற்பெயரைப் பாதித்தன.

ஏடன்: அப்போது பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த ஏடனில், கைதிகள் சித்திரவதை செய்யப்படுவதாகப் புகார்கள் எழுந்தன. 1966 இல் அங்கு சென்ற சுவீடன் பிரிவைச் சேர்ந்த மருத்துவர் சலாகுத்தீன் ராஸ்ட்கெல்தி ஓர் அறிக்கை அளித்தார். அதன் வெளியீடு தாமதமானது. பொதுச்செயலாளர் ராபர்ட் சுவான் முன்னர் பிரித்தானிய வெளியுறவுத் துறையில் பணியாற்றியவர். அவ்வரசின் செல்வாக்கினாலேயே அறிக்கை மறைக்கப்படுவதாகப் பெனன்சன் கருதினார். இறுதியில் அறிக்கை சுவீடனில் வெளியிடப்பட்டது.

ரொடீசியா: 1965 இல் வெள்ளையர் சிறுபான்மை அரசு ஒருதலைப்பட்சமாக விடுதலை அறிவித்த ரொடீசியாவில் (இன்றைய சிம்பாப்வே), கைதிகளுக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும் அவை உதவி வந்தது. இதற்கான பணத்தின் ஒரு பகுதி பிரித்தானிய அரசிடமிருந்து மறைமுகமாக வந்தது 1967 இல் தெரியவந்தது. இது குறித்த மடல்களில் அவ்வரசு "ஹாரி" என்னும் மறைபெயரால் குறிக்கப்பட்டிருந்தது. இவ்வேற்பாட்டில் பெனன்சனுக்கே தொடர்பு இருந்தது. அரசு ஊடுருவலைக் கண்டித்தவரே அரசுப் பணத்துடன் தொடர்புடையவராக இருந்தமை உறுப்பினர்களிடையே அதிர்ச்சியை ஏற்படுத்தியது.

சட்ட வல்லுநர் ஆணையம்: பன்னாட்டுச் சட்ட வல்லுநர் ஆணையத்திற்கு அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ மறைமுகமாக நிதி அளித்தது அதே ஆண்டில் வெளியானது. அவ்வாணையத்தின் பொதுச்செயலாளரான சீன் மக்பிரைட், மன்னிப்பு அவையின் செயற்குழுத் தலைவராகவும் இருந்தார். அப்பணத்தின் மூலம் தமக்குத் தெரியாது என அவர் கூறினார்.

எல்சினோர் கூட்டம்

1967 மார்ச்சில் டென்மார்க்கின் எல்சினோர் நகரில் செயற்குழு கூடியது. பெனன்சன் இதில் பங்கேற்கவில்லை. அவரது பதவி விலகல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவர் வகித்த தலைவர் பதவியும் நீக்கப்பட்டது. மாறாக, தலைமை இயக்குநர் என்ற பொறுப்பு உருவாக்கப்பட்டு, அவையின் இணை நிறுவனர்களுள் ஒருவரான எரிக் பேக்கர் அதில் அமர்த்தப்பட்டார். மக்பிரைட் செயற்குழுத் தலைவராகத் தொடர்ந்தார்.

இம்மாற்றத்தின் சாரம் ஆள் மாற்றம் மட்டுமன்று. நிறுவனர் என்ற தகுதியால் வந்த அதிகாரம் முடிவுக்கு வந்து, அன்றாடப் பணியை நடத்துபவர் செயற்குழுவுக்குப் பொறுப்புக் கூறும் முறை வலுப்பெற்றது. அவை நடுநிலையுடன் இருந்தால் மட்டும் போதாது, அதன் நடுநிலையை எவரும் ஐயுறவும் இடமிருக்கக் கூடாது என்ற நெறியும் முன்வைக்கப்பட்டது. மனித உரிமை ஆய்வுக்கும் பரப்புரைக்கும் அரசுகளிடம் நிதி பெறுவதில்லை என்பது அவையின் கொள்கையாக நிலைபெற்றது. உறுப்பினர்களின் கட்டணமும் மக்களின் நன்கொடையுமே அதன் முதன்மை வருவாய் ஆயின.

விளைவுகள்

நெருக்கடிக் காலத்தில் அவையைக் கலையாது காத்த பேக்கரைத் தொடர்ந்து, 1968 இல் மார்ட்டின் என்னல்சு பொதுச்செயலாளரானார். அவர் பொறுப்பேற்றபோது தலைமைச் செயலகத்தில் 7 பணியாளர்களே இருந்தனர். 1980 இல் அவர் விலகியபோது அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 150 ஆக உயர்ந்திருந்தது. 1977 இல் அவைக்கு அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தாம் தொடங்கிய அமைப்பிலிருந்து நெடுங்காலம் விலகியிருந்த பெனன்சன், 1980களில் அதனுடன் மீண்டும் இணக்கம் கொண்டார். அவர் 2005 பெப்ரவரி 25 அன்று காலமானார். நிறுவனர் இன்றியும் அமைப்பு நிலைத்து வளர்ந்தமைக்கு 1967 இன் மறுசீரமைப்பு அடித்தளமாக அமைந்தது.