உங்களுக்குத் தெரியுமா? ஆற்றோடு போனவர்கள் விட்டுப்போன காகிதங்கள்

சனி, ஞாயிறு ஆனால் கோப்பெங் பக்கம் காம்பார் ஆற்றில் ரப்பர் மிதவைகள் வரிசைகட்டி இறங்குகின்றன. மிதவையில் போகும் பிள்ளைகள் போகிற போக்கிலேயே வீடியோவும் எடுத்துக்கொள்கிறார்கள். இதே கிந்தா வட்டாரத்து ஆறுகளில் 150 ஆண்டுகளுக்கு முன் போனவர்களிடம் இருந்தது நோட்டும் பென்சிலும். பின்னால் கேமரா வந்தது, அதன் பின்னால் பிலிம் சுருள் வந்தது. ஆள் போன பிறகு அந்தக் காகிதங்களும் படங்களும் என்ன ஆயின? இந்த வாரத் துணுக்குகள் அதைப் பற்றித்தான்.

1. சாலைக்கு முன் ஆறு

சரக்குப் படகு கிந்தா ஆற்றில் ஏறி வரக்கூடிய கடைசி இடமாக இருந்ததால்தான் ஈப்போ அங்கே எழும்பியது. வெட்டிய ஈயம் படகில் ஏறி, கிந்தா ஆற்றோடு இறங்கி, சுமார் 400 கிலோமீட்டர் நீளமுள்ள பேராக் ஆற்றில் கலந்து, தெலுக் ஆன்சன் (இன்றைய தெலுக் இந்தான்) போய்ச் சேர்ந்தது. நம் காம்பார் ஆறும் கிந்தாவில் சேர்வதுதான். 1895இல் ஈப்போவுக்கும் தெலுக் ஆன்சனுக்கும் ரயில் ஓடத் தொடங்கியதும் படகுக்காரர்களின் காலம் முடிந்தது. அதுவரை ஆறுதான் சாலை. அதனால் பேராக் மாநிலத்தைப் பற்றிய பழைய குறிப்புகளில் பல, படகுப் பயணத்தில் பிறந்தவை.

2. நூறு ஆண்டு காத்திருந்த நாட்குறிப்பு

பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச் அதற்கு முன் பல ஆண்டுகள் இலங்கையில் அதிகாரியாக இருந்தவர். 1874 நவம்பரில் இங்கே பொறுப்பேற்றார். 1875 நவம்பர் 2ஆம் தேதி பாசிர் சாலாக்கில், ஆற்றங்கரைக் குளியலறையில் வைத்து, மலாய்த் தலைவர் மகாராஜா லேலாவின் ஆட்களால் குத்திக் கொல்லப்பட்டார். ஆற்றில் மேலும் கீழும் அலைந்த அந்த ஓராண்டைப் பற்றி அவர் எழுதிவைத்த நாட்குறிப்பு 1976இல்தான் புத்தகமானது. கொன்றவர்கள் தரப்பில் இப்படி ஒரு நாட்குறிப்பு இல்லை. அவர்கள் கதை வாய்மொழியிலும் விசாரணைப் பதிவுகளிலும்தான் நிற்கிறது.

3. இருட்டில் தப்பிய இளைஞர்

பர்ச் கொலையானபோது 25 வயது பிரிட்டிஷ் அதிகாரி ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் ஆற்றின் மேற்பகுதியில் இருந்தார். திரும்ப வேறு வழி கிடையாது. ராத்திரியில் படகிலேயே பாசிர் சாலாக்கைத் தாண்டி வந்து உயிர் தப்பினார். 1874 முதல் 1876 வரை அவர் எழுதிய குறிப்புகள் 1975இல் அச்சாயின. அவருடைய தாள்கள் இப்போது இருப்பது லண்டனில் அல்ல, கோலாலம்பூரில். தேசிய ஆவணக் காப்பகமான ‘அர்கிப் நெகாரா’வில், தனியார் தாள்கள் வரிசையில், எஸ்.பி. 12 என்ற எண்ணில் கேட்டால் கிடைக்கும்.

4. மெட்ராஸ் பீரங்கிப் படையிலிருந்து பேராக்குக்கு

மெட்ராஸ் பீரங்கிப் படையில் சேர்ந்து பிறகு சிங்கப்பூருக்கு வந்தவர் மேஜர் மெக்நேர். இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட கைதிகளுக்கு மேற்பார்வையாளராக இருந்தார். இன்றைய சிங்கப்பூர் அதிபர் மாளிகை அந்தக் கைதிகளின் கையால் எழும்பியதுதான். புகைப்படக்கலை கற்றிருந்த இவர் பேராக்கிலும் பணியாற்றி, 1878இல் ‘பேராக்கும் மலாய்க்காரர்களும்’ என்ற பொருளில் ஒரு நூல் எழுதினார். எழுத்தும் படமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தது அன்றைக்கு அபூர்வம்.

5. ஹமுராபிக்கு முன் கிந்தா

உலகப் புகழ்பெற்ற ஹமுராபி சட்டக் கல் 1901–02இல் ஈரானின் சூசாவில் மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்தது. அந்த அகழாய்வுக்குத் தலைவர் ஜாக் டி மார்கன் என்ற பிரெஞ்சுக்காரர். அதே மனிதர் 1884இல், காம்பார் நகரம் உருவாகும் முன்பே, பேராக்கின் ஆறுகளிலும் காடுகளிலும் சுற்றி, ஈயம் கிடக்கும் இடங்களையும் ஓராங் அஸ்லி மக்களின் வாழ்க்கையையும் எழுதிக்கொண்டு போனவர். அவருடைய மலாயாக் குறிப்புகள் நூலாகி பிரான்சில் வெளிவந்தது 1993இல், ஏறக்குறைய 110 ஆண்டு கழித்து. கிந்தா ஈயத்தின் மேல் பிரெஞ்சுக்காரர்களுக்கு இருந்த கண் அவரோடு போய்விடவில்லை. 1886இல் தொடங்கிய பிரெஞ்சு ஈயக் கம்பெனி ஒன்று பின்னால் காம்பாரிலேயே பல காலம் தொழில் செய்தது.

6. குறிக்காமல் விட்டதால் போன 40 ஆண்டு

நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885இல் மலைமேல் ஒரு சமவெளியைக் கண்டார். ஆனால் அந்த இடம் வரைபடத்தில் தெளிவாகப் பதியவில்லை. மறு ஆண்டே அவர் இறந்துபோனார். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை, தெளிவான தாளும் இல்லை. பிரிட்டிஷ் அதிகாரி சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் 1925இல் அங்கே போன பிறகுதான் கேமரன் மலையை உருவாக்கும் வேலை சூடுபிடித்தது. தாப்பாவிலிருந்து மலையேறும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: ஒரு குறிப்பு சரியாக இல்லாததன் விலை 40 ஆண்டு.

7. தங்கைக்கு எழுதிய பேராக்

இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1879இல் தைப்பிங், கோலகங்சார் வந்தார். யானை மேல் போனார். ரெசிடென்ட் ஹியூ லோ வீட்டுக்குப் போனபோது வீட்டுக்காரர் ஊரில் இல்லை. சாப்பாட்டு மேசையில் அவருக்குத் துணையாக உட்கார்ந்தவை மஹ்மூத், எப்லிஸ் என்ற இரண்டு வளர்ப்புக் குரங்குகள். பணியாளர்கள் மனிதருக்குப் பரிமாறுவது போலவே அவற்றுக்கும் பரிமாறினார்கள்.

இதையெல்லாம் ஸ்காட்லாந்திலிருந்த தங்கை ஹென்ரியெட்டாவுக்குக் கடிதமாக எழுதினார். 1880இல் தங்கை இறந்துபோனார். 1883இல் கடிதங்கள் புத்தகமாயின. தங்கைக்கு எழுதிய மூலக் கடிதங்கள் இன்று எடின்பரோவில், ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன. பேர்டின் பதிப்பாளர் ஜான் மரே குடும்பத்தார் சேர்த்துவைத்திருந்த காகிதங்களை அந்த நூலகம் 2006இல் 3 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. பழைய காகிதம் என்று எடைக்குப் போட்டிருந்தால்?

8. யாங்சி ஆற்றில் கழுவிய படங்கள்

அதே பேர்ட் கேமரா பிடிக்கக் கற்றபோது வயது 60. 1896இல் சீனாவின் யாங்சி ஆற்றில் சிறு படகில் ஏறிப் போனார். இருட்டறைக்கு எங்கே போவது? ராத்திரியானதும் படகின் பலகை இடுக்குகளை அடைத்தார். பக்கத்தில் அபின் பிடிக்கும் படகோட்டிகளின் விளக்கு வெளிச்சம் உள்ளே வந்தால் படம் போச்சு. ஒரு பெட்டிதான் மேசை. மருந்தில் நனைத்த நெகடிவைக் கழுவ, படகின் ஓரத்தில் ஓடும் ஆற்றையே பயன்படுத்தினார். யாங்சி நீரோ சேறு. படத்தின் மேல் வண்டல் படியும். அதனால் கடைசியில் வடிகட்டிய நீரில் பல முறை அலசி எடுத்தார். பிரிட்டனின் புவியியல் கழகம் பெண்களை முதன்முதலாக உறுப்பினராக்கிய 1892இல் சேர்க்கப்பட்டவர்களில் இவரும் ஒருவர்.

9. படம் கழுவ மலையிறங்கிய தம்பி

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் விளிம்பில் ஸ்டூடியோ வைத்திருந்தவர்கள் எல்ஸ்வொர்த், எமரி கோல்ப் சகோதரர்கள். பேர்டுக்காவது ஆறு பக்கத்திலேயே இருந்தது, இவர்கள் ஸ்டூடியோவில் தண்ணீரே இல்லை. கோவேறு கழுதையில் பள்ளத்துக்குள் இறங்கும் பயணிகளைக் காலையில் படமெடுப்பார்கள். தம்பி எமரி அந்த நெகடிவோடு நாலரை மைல் கீழே ஊற்று இருக்கும் இடத்துக்கு ஓடுவார். அங்கே படத்தைக் கழுவிக்கொண்டு, பயணிகள் திரும்புவதற்குள் 3,000 அடி மேலேறி வந்து விற்பார்.

1911 செப்டம்பரில் இருவரும் மரப் படகுகளில், கைப்பிடி சுற்றும் சினிமா கேமராவோடு கிரீன் ஆற்றில் இறங்கி, கொலராடோ ஆற்றில் சேர்ந்து, 1912 ஜனவரியில் கரையேறினார்கள். எமரி தன் படகுக்கு மகள் பெயரை, எடித் என்று வைத்திருந்தார். அந்தப் பயணப் படத்தை 1915 முதல் 1976இல் தாம் இறக்கும் வரை தம் ஸ்டூடியோவிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய காகிதங்களும் படங்களும் இன்று வட அரிசோனா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

10. அடுத்தவர் காகிதத்தையும் சேர்த்தவர்

அதே கொலராடோ ஆற்றில் படகு விட்ட ஓடிஸ் மார்ஸ்டன் தம் குறிப்புகளோடு நிற்கவில்லை. அந்த ஆற்றில் போனவர் யாரானாலும் விடாமல் கடிதம் எழுதி, நாட்குறிப்பு, புகைப்படம், பிலிம் எல்லாம் கேட்டு வாங்கினார். 1979இல் அவர் இறந்தபோது, அவர் எழுதிய ஆற்று வரலாறு அச்சாகியிருக்கவில்லை. 2014இல்தான் அச்சானது. சேர்த்த காகிதங்கள் மட்டும் கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்தில் 400 பெட்டிகளுக்கு மேல் நிற்கின்றன.

11. நம்மவர் ஒருவர்

ஈப்போவின் செட்டியார் கிட்டங்கிகளுக்கு ஆள் வந்த அதே செட்டிநாட்டில், கோட்டையூரில் 1911இல் பிறந்தவர் ஏ.கே. செட்டியார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை படித்தவர். ‘மலேயா முதல் கனடா வரை’ என்றும் ஒரு பயண நூல் எழுதினார், காவிரி பிறக்கும் குடகைப் பற்றியும் எழுதினார்.

1937 அக்டோபர் 2ஆம் தேதி, காந்தி பிறந்தநாளன்று, அட்லாண்டிக் கடலில் கப்பலில் போகும்போது காந்தியைப் பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் வந்தது. சுமார் ஒரு லட்சம் மைல் சுற்றி, பல நாட்டுக் கேமராக்காரர்கள் எடுத்திருந்த துண்டுகளைத் திரட்டினார். சேர்ந்தது 50,000 அடி பிலிம். 1940 ஆகஸ்டில் சென்னையில் படம் வெளியானது. பின்னாளில் அந்தத் தமிழ்ப் படம் கிடைக்காமலே போயிற்று. 1953இல் வந்த ஆங்கில வடிவத்தின் பிரதி ஒன்று பல்லாண்டு கழித்து அமெரிக்காவில் கிடைத்தது. ‘குமரி மலர்’ இதழில் மற்றவர்களின் பழைய எழுத்துகளைத் தேடித் தேடி மறுபதிப்பு செய்த மனிதரின் சொந்தப் படத்துக்கு இந்தக் கதி!

12. டப்பாவைத் திறந்ததும் புளித்த வாடையா?

பழைய பிலிம் சுருளில் காடி வாடை அடித்தால் அசிடேட் பிலிம் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். நம் ஊர் வெயிலும் ஈரக்காற்றும் அதை விரைவுபடுத்தும். ஒரு சுருளின் ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும் என்பதால் உடனே பிரித்து வையுங்கள். 1950களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் பிலிம் அதைவிட ஆபத்து. பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும்.

13. தோட்டத்துக் காகிதம் எங்கே?

பிரட்டுக் களத்தில் யார் நின்றார், எத்தனை ராத்தல் பால் எடுத்தார் என்பதெல்லாம் கிராணியாரின் செக்ரோல் புத்தகத்தில் இருந்தது. 1950, 60களில் தோட்டத் துண்டாடலில் தோட்டம் கைமாறியபோது புத்தகங்களைக் கேட்பார் இல்லை. அந்தத் துண்டாடலை எதிர்கொள்ளத்தான் சுங்கை சிப்புட் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். தாத்தாவின் பங்குப் புத்தகம் பெட்டியடியில் கிடந்தால் அதுவும் பர்ச்சின் நாட்குறிப்புக்குக் குறையாத ஆவணம்தான்.

14. இன்றைக்கே செய்யலாம்

● புகைப்படத்தின் பின்புறம் பேனாவால் எழுதாதீர்கள். மென்மையான பென்சிலால், ஓரமாக, பெயர், தோட்டம், ஆண்டு.

● ஒட்டும் ஆல்பத்தில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்க வேண்டாம். பக்கத்தோடு படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

● பழைய பிறப்புப் பத்திரத்துக்கு லேமினேஷன் போடாதீர்கள். சூடும் பசையும் தாளைத் தின்றுவிடும்.

● கட்டுகளைக் கலைத்து அடுக்காதீர்கள். எந்தக் கடிதம் எதோடு இருந்தது என்பதே ஒரு தகவல்.

● அர்கிப் நெகாரா பெரிய மனிதர்களின் தாள்களை மட்டும் வாங்குவதில்லை. தனியார் வரிசையில் சுவெட்டன்ஹாம் 12ஆம் எண்ணில் இருக்கிறார். காம்பார் தோட்டத்துக் குடும்பம் ஒன்றும் அந்த வரிசையில் எண் கேட்கலாம்.