திரும்பி வரும் மெயிலைத் திட்டாதீர்கள்

அவுட்லுக், ஹாட்மெயில், லைவ் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5000 மெயிலுக்கு மேல் அனுப்பும் டொமைன்கள் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று சோதனைகளிலும் தேறியாக வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் வைத்த கெடு மே 5, 2025. அந்தத் தேதியை ஒட்டி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதி பயம், பாதி அலட்சியம். ‘என் பழைய ஹாட்மெயில் கணக்கு முடங்கிவிடுமா?’ என்பது பயம். முடங்காது, விதி அனுப்புபவருக்குத்தான், கணக்கு வைத்திருப்பவருக்கு அல்ல. ‘நாளொன்றுக்கு 50 பில் அனுப்பும் கடைக்கு இதெல்லாம் எதற்கு?’ என்பது அலட்சியம். கூகுளும் யாஹூவும் இதே மாதிரியான விதிகளை 2024 பிப்ரவரியிலேயே கொண்டுவந்துவிட்டன. அதில் கூகுள், 5000 பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத சிறு அனுப்புநருக்கும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது கட்டாயம் என்று சொல்லியிருக்கிறது. போதாக்குறைக்கு, தீபாவளிக்கு ஒரே ஒரு நாள் வாழ்த்து அனுப்பி ஜிமெயில்காரர்கள் விஷயத்தில் அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிட்டாலும், கூகுள் கணக்கில் அந்த டொமைன் நிரந்தரமாக ‘மொத்தமாக அனுப்புபவர்’ ஆகிவிடும். மறுநாள் 50க்கு இறங்கினாலும் பெயர் அழியாது.

இந்தக் கூச்சலுக்கு நடுவில் ஒரு மாற்றத்தை அதிகம் பேர் கவனிக்கவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் அறிவிப்பு வந்தபோது, சோதனையில் தேறாத மெயில்கள் முதலில் ஜங்க் பெட்டிக்குப் போகும், நிராகரிப்பு பிறகு வரும் என்றுதான் மைக்ரோசாஃப்ட் சொன்னது. கெடுவுக்குச் சில நாள் முன்பு அதை மாற்றி, நேராகவே நிராகரிப்போம், 550 5.7.515 என்ற எண்ணோடு திருப்பி அனுப்புவோம் என்றது. ஜங்க் என்றால் மென்மை, நிராகரிப்பு என்றால் கடுமை என்று தோன்றும். நான் இதை நேர்மாறாகப் பார்க்கிறேன். இந்தக் கெடு விவகாரத்தில் அந்த நிறுவனம் செய்த ஒரே நியாயமான காரியம் இந்த மாற்றம்தான். ஏன் என்று புரிய, இரண்டு சர்வர்கள் சந்திக்கும்போது என்ன பேசிக்கொள்கின்றன என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

அனுப்பும் சர்வர் முதலில் வணக்கம் சொல்லித் தன் பெயரைச் சொல்கிறது. பெறும் சர்வர் 250 என்கிறது. ‘சரி, மேலே சொல்’ என்று பொருள். இன்னாரிடமிருந்து மெயில் என்கிறது, மறுபடி 250. இன்னாருக்கு என்கிறது, அப்படி ஒரு கணக்கே இல்லையென்றால் இந்த இடத்திலேயே 550 விழுந்துவிடும், இருந்தால் 250. அதன் பிறகு மெயிலின் உள்ளடக்கம் முழுவதும் போகிறது. கடைசியில் ஒரு தனி வரியில் ஒரே ஒரு முற்றுப்புள்ளி. அந்தப் புள்ளிக்குப் பதிலாக வரும் 250தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஜான் போஸ்டல் 1982இல் எழுதிய மெயில் விதி ஆவணமான ஆர்எஃப்சி 821 தொடங்கி, 2008இல் வந்த ஆர்எஃப்சி 5321 வரை இதில் கறாராக இருக்கின்றன: அந்த 250ஐச் சொன்ன நிமிடத்திலிருந்து மெயிலுக்குப் பொறுப்பு பெற்றுக்கொண்டவருடையது. சேர்ப்பிக்க வேண்டும், முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். சர்வர் படுத்துவிட்டது, இடம் போதவில்லை போன்ற சாக்குகள் செல்லாது. 4இல் தொடங்கும் எண் வந்தால் ‘இப்போது முடியாது, பிறகு வா’; அனுப்பும் சர்வர் நான்கைந்து நாள் வரை விட்டு விட்டு முயன்று பார்க்கும். 5இல் தொடங்கினால் ‘முடியாது’. மெயில் பவுன்ஸ் ஆகி அனுப்பியவர் கைக்கே வந்துவிடும். நாற்பது வருடத்துக்கும் மேலாக இந்த ஏற்பாடு தாக்குப்பிடித்திருப்பதற்குக் காரணம், இதில் மௌனம் என்ற பதிலே கிடையாது என்பதுதான்.

ஸ்பேம் பெட்டி இந்த ஏற்பாட்டில் போட்ட ஓட்டை. பெறும் சர்வர் புள்ளிக்குப் பதில் 250 சொல்கிறது. பிறகு தன் கணிப்பின்படி மெயிலை ஸ்பேமில் போடுகிறது. சட்டப்படி பார்த்தால் தவறே இல்லை. மெயில் அந்தக் கணக்குக்குள்தானே கிடக்கிறது! பவுன்ஸ் வராது. அனுப்பியவரின் சர்வர் பதிவேட்டில் 250 என்று இருக்கும். ‘நாங்கள் அனுப்பிவிட்டோம்’ என்று அவர் சத்தியம் செய்வார். ‘எனக்கு வரவே இல்லை’ என்று இவர் சத்தியம் செய்வார். இருவருமே பொய் சொல்லவில்லை. ஜிமெயிலில் 30 நாள் ஆனதும் ஸ்பேமில் இருப்பது தானாக அழிந்துவிடும், அத்தோடு தடயமும் போய்விடும். மொத்த மெயில் அனுப்பித் தரும் நிறுவனங்கள் பெருமையாகக் காட்டும் ‘டெலிவரி விகிதம்’ எத்தனை 250 வந்தது என்ற கணக்குதான். எத்தனை இன்பாக்ஸில் விழுந்தது என்பது அவர்களுக்கும் தெரியாது. ‘எத்தனை பேர் திறந்தார்கள்’ என்ற கணக்கு அதைவிட மோசம். கண்ணுக்குத் தெரியாத ஒரு படத்தை மெயிலுக்குள் வைத்து, அது இறங்கினால் திறந்ததாக எழுதிக்கொள்ளும் வித்தை அது. ஆப்பிள் 2021இல் ஐஓஎஸ் 15உடன் கொண்டுவந்த வசதி, ஆள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால், அந்தக் கணக்கை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது.

இப்போது அந்த மூன்று சோதனைகள். நிறுவனங்களின் அறிவிப்புகளில் இவை ‘பயனர் பாதுகாப்பு’ என்ற பெயரில் வருகின்றன. எதைப் பாதுகாக்கின்றன என்று பார்த்துவிடுவது நல்லது. எஸ்பிஎஃப் என்பது ‘என் பெயரில் மெயில் அனுப்ப இந்தச் சர்வர்களுக்கு மட்டும் அனுமதி’ என்று டொமைன்காரர் டிஎன்எஸ்ஸில் எழுதி வைக்கும் பட்டியல். டிகிம் என்பது மெயிலில் போடும் மறைகுறியீட்டுக் கையெழுத்து. வழியில் ஓர் எழுத்தை யாராவது திருத்தினாலும் கையெழுத்து பொருந்தாது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, சந்தேகமில்லை. டிமார்க், ஃப்ரம் என்ற இடத்தில் கண்ணுக்குத் தெரியும் டொமைனும் மேற்சொன்ன இரண்டில் ஒன்று உறுதி செய்த டொமைனும் ஒன்றா என்று பார்க்கிறது. ஒன்றாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதையும் டொமைன்காரரே எழுதி வைக்கலாம்: ஒன்றும் செய்யாதே, ஒதுக்கி வை, நிராகரி. கூகுளும் மைக்ரோசாஃப்டும் கேட்கும் குறைந்தபட்சத் தகுதி இதில் முதலாவது, அதாவது ‘ஒன்றும் செய்யாதே’. ‘எங்களிடம் டிமார்க் இருக்கிறது’ என்று யாராவது மார்தட்டினால், மூன்றில் எது என்று கேளுங்கள். இன்னொன்று: மூன்று சோதனைகளிலும் தேறுவது, மெயில் அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்பதற்கு மட்டுமே சான்று. வங்கிப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி டொமைன் வாங்கும் மோசடிக்காரன் மூன்றையும் ஒழுங்காக அமைத்துக்கொண்டு முழு மதிப்பெண்ணோடு உள்ளே வருவான். அமைக்கத் தெரியாமல் வெளியே நிற்பது பெரும்பாலும் சின்னக் கடைக்காரர்தான்.

அவர் எப்படி மாட்டிக்கொள்கிறார் என்பதற்கு வலைத்தளங்களின் ‘தொடர்பு கொள்ள’ படிவமே போதும். வாடிக்கையாளர் தன் யாஹூ முகவரியையும் கேள்வியையும் எழுதி அனுப்புகிறார். படிவத்தை எழுதியவர், பதில் போட வசதியாக இருக்கட்டும் என்று வாடிக்கையாளரின் முகவரியையே ஃப்ரம் இடத்தில் வைத்திருப்பார். மெயில் புறப்படுவதோ கடைக்காரரின் ஹோஸ்டிங் சர்வரிலிருந்து. பெறும் சர்வர் பார்வையில் இது யாஹூ பெயரில் வேறு யாரோ அனுப்பும் கள்ள மெயில். யாஹூவோ 2014 ஏப்ரலிலேயே ‘நிராகரி’ என்று எழுதி வைத்துவிட்டது. விசாரணை கடைக்காரருக்கு வராது. பதிலே இல்லையே என்று வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார். ஃப்ரம் இடத்தில் கடையின் சொந்த முகவரியையும், ரிப்ளை-டூ இடத்தில் வாடிக்கையாளர் முகவரியையும் வைத்தால் தீர்ந்தது. சொந்த டொமைன் முகவரிக்கு வருவதைத் தானாக ஜிமெயிலுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடும் இதே ரகம்தான். திருப்பிவிடும் சர்வர், அனுப்பியவரின் எஸ்பிஎஃப் பட்டியலில் இருக்காது. டிகிம் கையெழுத்து கலையாமல் வந்தால் பிழைக்கும். இடையில் ‘வைரஸ் சோதிக்கப்பட்டது’ என்று யாராவது அடியில் ஒரு வரி சேர்த்தால் அதுவும் போச்சு.

நிராகரிப்பே மேல் என்று சொல்வதற்கு மூன்று ஆட்சேபங்கள் உண்டு. காரணத்தைச் சொன்னால் ஸ்பேம்காரன் பாடம் கற்றுக்கொள்வான் என்பது முதலாவது. அவனுக்கு அந்தப் பாடம் தேவையே இல்லை. எல்லா நிறுவனங்களிலும் இலவசக் கணக்கு தொடங்கி, முதலில் தனக்கே அனுப்பி எந்தப் பெட்டியில் விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் தொழிலை ஆரம்பிப்பான். மௌனத்தால் இருட்டில் நிற்பவர் நேர்மையாக அனுப்பியவர் மட்டுமே. இரண்டாவது, ஸ்பேமில் அனுப்புநர் முகவரி பொய்யாக இருக்கும், திருப்பி அனுப்பினால் சம்பந்தமில்லாத அப்பாவியின் பெட்டியில் பவுன்ஸ் குவியும் என்பது. மெயிலை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு திருப்பினால் அப்படித்தான் ஆகும். உரையாடலின் நடுவிலேயே, அந்தக் கடைசிப் புள்ளிக்குப் பதிலாக 550 சொன்னால், எதிரே இணைப்பில் இருக்கும் சர்வருக்கு மட்டும்தான் அது போகும். ஸ்பேம் அனுப்பும் கருவிகள் பவுன்ஸ் எழுதிக்கொண்டு உட்காருவதில்லை. மைக்ரோசாஃப்ட் எடுத்திருப்பதும் இந்த வழிதான்.

மூன்றாவது ஆட்சேபம் வலுவானது. எந்த வடிகட்டியும் தப்பு செய்யும். ஸ்பேமில் கிடந்தால் தோண்டி எடுக்கலாம், நிராகரித்துவிட்டால் எதைத் தோண்டுவது? யாஹூ அந்த ஏப்ரலில் ‘நிராகரி’ என்று அறிவித்தபோது, உலகெங்கும் குழு மெயில்கள் சிதறிப்போனது இதற்கு நல்ல சாட்சி. குழுவுக்கு யாஹூ உறுப்பினர் ஒருவர் எழுதியதை மற்றவர்களின் சர்வர்கள் நிராகரிக்க, நிராகரிப்பு கூடிக்கொண்டே போக, எந்தத் தவறும் செய்யாத அந்த மற்றவர்களைக் குழு மென்பொருள் தானாக வெளியேற்றியது. ஆகவே எல்லாவற்றையும் நிராகரி என்பது என் கட்சி அல்ல. எஸ்பிஎஃப் இல்லை, கையெழுத்து பொருந்தவில்லை என்பது போல ஆம், இல்லை என்று சொல்லிவிடக்கூடிய விதி மீறப்பட்டால், எண்ணைச் சொல்லி வாசலிலேயே நிறுத்தட்டும். அனுப்பியவர் அந்த எண்ணை வைத்துச் சரிசெய்துகொள்வார், அவசரமென்றால் போனாவது செய்வார். ‘வாசகங்களைப் பார்த்தால் விளம்பரம் போலத் தெரிகிறது’ என்ற அனுமானத்துக்கு மட்டும் ஸ்பேம் பெட்டி போதும். அங்கேயும் பெட்டிக்காரருக்கு ‘இன்று இவ்வளவு ஒதுக்கினோம்’ என்று ஒரு பட்டியல் அனுப்புவதில் கஷ்டம் ஒன்றுமில்லை. பல அலுவலக மெயில் அமைப்புகள் தினமும் அதைச் செய்கின்றன. இலவசக் கணக்குக்காரர்தானே, அவரே தேடிக்கொள்ளட்டும் என்பதுதான் இப்போதைய மனப்பான்மை.

எனவே பவுன்ஸ் வந்தால் அழித்துவிடாதீர்கள். ‘மெயிலர் டீமன்’ என்ற விசித்திரப் பெயரிலிருந்து வருவதால் வைரஸ் என்று நினைத்துத் தூக்கிப் போடுபவர்கள் நிறைய. மேலே இருக்கும் மன்னிப்பு வாசகங்களைத் தாண்டி, அடியில் இருக்கும் எண்ணைத் தேடுங்கள். 5.1.1 என்றால் அந்த முகவரி இல்லை, பெரும்பாலும் எழுத்துப்பிழை. 5.2.2 என்றால் எதிராளியின் பெட்டி நிரம்பிவிட்டது. 5.7 என்று தொடங்கினால் பிரச்சினை உங்கள் டொமைனின் சான்றிலோ நற்பெயரிலோ இருக்கிறது. டொமைன் விற்றவரிடமோ வலைத்தளம் அமைத்தவரிடமோ ‘மெயில் போகவில்லை’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் அந்த வரியை அப்படியே அனுப்புங்கள். பவுன்ஸே இல்லாமல் காணாமல் போகிறதென்றால், உங்கள் ஜிமெயில் கணக்கு ஒன்றுக்கே அனுப்பி, அதைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ என்பதை அழுத்துங்கள். மூன்று சோதனைகளுக்கும் பாஸா, ஃபெயிலா என்று மேலேயே எழுதியிருக்கும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

ஜிமெயிலில் சில நாளாக எதுவுமே வரவில்லையா? 15 ஜிபி இடம் மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொது. முதலில் அதைப் பாருங்கள், குற்றவாளி பெரும்பாலும் வீடியோக்கள்.

20 எம்பி கோப்பு சில அலுவலகங்களுக்குப் போக மறுக்கிறதா? மெயிலில் ஏறும்போது கோப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு பெருக்கும், லிங்காக அனுப்புங்கள்.

ஓடிபி பத்து நிமிடம் கழித்து வருகிறதா? பெறும் சர்வர் முதல் முறை 4இல் தொடங்கும் எண்ணைச் சொல்லித் திருப்பியிருக்கலாம். வரிசையில் நின்று மறுபடி வந்திருக்கிறது.

முகவரியில் புள்ளியை விட்டுவிட்டீர்களா? சாதாரண ஜிமெயில் முகவரியில் புள்ளிக்கு மதிப்பில்லை, மற்ற இடங்களில் உண்டு.

கல்யாணப் பத்திரிகையை ஜிமெயிலில் எல்லோருக்கும் அனுப்பும்போது பாதியில் நின்றதா? தனிநபர் கணக்குக்கு நாளொன்றுக்கு 500தான். மீதியை நாளைக்கு அனுப்புங்கள்.

கம்ப்யூட்டரில் அவுட்பாக்ஸிலேயே நிற்கிறதா? மெயில் இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை. பாஸ்வேர்டைச் சரிபாருங்கள், போர்ட் 25 என்று இருந்தால் 587க்கு மாற்றுங்கள்.