ஆய்வாளரைப் பட்டினி போட்டுவிட்டுக் கொள்கையைத் தேடுவதா?

இந்நாட்டில் பிறந்த பிள்ளையொன்று முதலாம் வகுப்பிலிருந்து தனது முதலாவது பட்டத்தைப் பெறும் வரையில் அரச கல்வி நிறுவனங்களில் கட்டணம் செலுத்தாது கற்க முடிகின்றது. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1945 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வித் திட்டத்தின் பேறு இது. 1981 ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட மகாபொல நிதியம் வறிய பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கைகொடுத்து வருகின்றது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல கொடுப்பனவு 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஆனால், இந்த ஏணி இளமாணிப் பட்டத்துடன் நின்றுவிடுகின்றது. அதற்கு மேல் ஏற விரும்பும் மாணவர் தமது சொந்தச் செலவிலேயே ஏறவேண்டியிருக்கின்றது.

பொதுக் கொள்கைத் துறையில் கலாநிதிப் பட்ட ஆய்வை மேற்கொள்ள விரும்புபவர்களின் நிலை இதில் மிகவும் பரிதாபகரமானது. வரி, கல்வி, சுகாதாரம், காணி, விவசாயம், மொழி என அரசாங்கம் கைவைக்கும் ஒவ்வொரு விடயத்திலும் ஒரு தீர்மானம் யாரைப் பாதிக்கும், எவ்வளவு செலவாகும், மாற்று வழி எது என்பதை ஆராய்வதே இத்துறையின் பணியாகும். இந்த ஆய்வுக்கு ஆய்வுகூடம் தேவையில்லை என்பதால் பணமும் தேவையில்லை என்ற எண்ணம் எம்மிடையே நிலவுகின்றது. அது முற்றிலும் தவறானது. கிராமங்களில் மாதக்கணக்கில் தங்கித் தரவு திரட்ட வேண்டும். மும்மொழிகளிலுமுள்ள ஆவணங்களைப் படிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று அல்லது நான்கு வருட காலம் வேறு வேலைக்குச் செல்லாது ஆய்வாளர் உயிர்வாழ வேண்டும்.

பிற நாடுகள் இதனை எவ்வாறு கையாளுகின்றன என்பதை நோக்குவது பயனுடையது. அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் கலாநிதிப் பட்ட மாணவருக்குப் பொதுவாகக் கற்கைக் கட்டணம் விலக்களிக்கப்பட்டு, மாதாந்தக் கொடுப்பனவும் மருத்துவக் காப்புறுதியும் வழங்கப்படுகின்றன. அதற்குப் பதிலாக அவர் கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ பணியாற்றுகின்றார். 1970 ஆம் ஆண்டில் ரான்ட் நிறுவனத்தினால் தொடங்கப்பட்ட பொதுக் கொள்கைப் பட்டப்பின்படிப்புக் கல்லூரியில், மாணவர்கள் அந்நிறுவனத்தின் கொள்கை ஆய்வுகளிலேயே பங்கேற்று, உழைத்துக்கொண்டே கற்கும் முறை பின்பற்றப்பட்டு வந்துள்ளது. பிரித்தானியாவில் ஆய்வுப் பேரவைகள் இப்பொறுப்பை ஏற்கின்றன. 2021 ஆம் ஆண்டிலிருந்து வெளிநாட்டு மாணவர்களும் மொத்த அனுமதியில் 30 சதவீதம் வரை இந்த நிதியைப் பெறலாம் என்ற மாற்றம் அங்கு செய்யப்பட்டது. அயல்நாடான இந்தியாவில் தேசிய தகுதிப் பரீட்சையில் தெரிவாகும் இளநிலை ஆய்வாளர் ஒருவருக்கு, 2023 ஜனவரி முதல் மாதாந்தம் 37,000 இந்திய ரூபாவும் இரண்டு வருடங்களின் பின்னர் 42,000 ரூபாவும் என்று நிர்ணயிக்கப்பட்டது. சமூக விஞ்ஞானத் துறை மாணவர்களும் இதில் அடங்குவர்.

இலங்கையின் நிலைமை என்ன? ஆய்வுக்காகவும் அபிவிருத்திக்காகவும் இந்நாடு செலவிடும் தொகை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.1 சதவீதமாகவே நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. அச்சிறு தொகையின் பெரும்பகுதியும் விஞ்ஞான, தொழில்நுட்பத் துறைகளையே சென்றடைகின்றது. சமூக விஞ்ஞானத் துறைகளுக்கென 2005 ஆம் ஆண்டில் உயர் கற்கைகளுக்கான தேசிய நிலையம் அமைக்கப்பட்டமை வரவேற்கத்தக்க நடவடிக்கையாகும். உலக வங்கியின் 10 கோடி டொலர் நிதியுடன் 2017 ஆம் ஆண்டில் தொடங்கி 2023 ஆம் ஆண்டில் நிறைவடைந்த உயர்கல்விக் கருத்திட்டமும் கலாநிதிப் பட்ட ஆய்வுகளுக்கு உதவியது. ஆயினும், இவை பெரிதும் பல்கலைக்கழகங்களில் ஏற்கனவே பணியாற்றும் விரிவுரையாளர்களைக் கருத்திற்கொண்டவை. நியமனம் பெறாத திறமையான பட்டதாரிக்கும், ஆசிரியராகவோ கள உத்தியோகத்தராகவோ பணிபுரிந்துகொண்டு ஆய்வு செய்ய நினைப்பவருக்கும் இவற்றின் கதவுகள் எளிதில் திறப்பதில்லை.

எனவே வெளிநாட்டுப் புலமைப்பரிசிலே ஒரேயொரு வழியாகிவிடுகின்றது. அதிலும் இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது, அவ்வழி எப்போதும் திறந்திருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. 2022 ஆம் ஆண்டில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது, சொந்தப் பணத்தில் வெளிநாடு சென்றவர்களின் செலவு சில வாரங்களுக்குள் ஏறத்தாழ இரட்டிப்பானது. 2025 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் ஆய்வு நிதிகள் வெட்டப்பட்டபோது, அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் கலாநிதிப் பட்ட அனுமதிகளைக் குறைத்தன. இரண்டாவது சிக்கல் இதனினும் ஆழமானது. ஆய்வுக்குப் பணம் கொடுப்பவரின் அக்கறையே பெரும்பாலும் ஆய்வின் கேள்வியாகவும் அமைந்துவிடுகின்றது. எமது மக்களின் கேள்விகளை எமது பணத்தில் நாம் கேட்காவிட்டால், அவற்றைக் கேட்பதற்கு வேறு எவருமில்லை.

வடக்கு, கிழக்கில் இதற்கான உதாரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2009 ஆம் ஆண்டில் யுத்தம் முடிவுற்ற பின்னர் நுண்நிதி நிறுவனங்கள் கிராமங்களுக்குள் புகுந்தன. குடும்பத் தலைமையை ஏற்ற பெண்கள் ஒரு கடனை அடைக்க மற்றொரு கடனைப் பெற்றனர். நுண்நிதியளிப்புச் சட்டம் 2016 ஆம் ஆண்டில்தான் வந்தது. 2018 ஆம் ஆண்டில் கடன் நிவாரணம் அறிவிக்க வேண்டிய நிலை அரசாங்கத்துக்கு ஏற்பட்டது. ஆரம்பத்திலேயே வட்டி வீதத்தையும் கடன் சுழற்சியையும் கிராமம் கிராமமாகத் தமிழில் கேட்டறிந்து ஆராயும் பயிற்சி பெற்ற பத்து ஆய்வாளர்கள் இருந்திருப்பின், சட்டம் அவலத்தின் பின்னால் ஓடி வந்திருக்க வேண்டியதில்லை.

2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடையையும் நாம் மறந்துவிட முடியாது. அத்தடை நவம்பர் மாதத்தில் விலக்கிக்கொள்ளப்பட்ட போதிலும் விளைச்சல் வீழ்ச்சியைத் தடுக்க முடியவில்லை. விவசாயத்துறை அறிஞர்கள் அன்றே எச்சரித்தார்கள், அரசாங்கம்தான் செவிசாய்க்கவில்லை, அப்படியிருக்க மேலும் கலாநிதிகளை உருவாக்கி என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கலாநிதிப் பட்டங்கள் மாத்திரம் தவறான தீர்மானங்களைத் தடுத்துவிடும் என்று நாம் கூற வரவில்லை. ஆனால் அமைச்சுகளுக்குள்ளேயும், திறைசேரியிலும், மாகாண சபைகளிலும், பாராளுமன்றக் குழுக்களிலும் ஆய்வு முடிவுகளைப் படித்துப் புரிந்து, அவற்றை முன்வைத்து வாதிடக் கூடியவர்கள் போதியளவு இருக்கும்போது, அறிஞர்களின் எச்சரிக்கையைக் கோப்புக்குள் புதைப்பது இலகுவல்ல.

இதற்கு ஆகும் செலவு என்ன என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். வருடமொன்றுக்கு 25 பேரைத் தெரிவு செய்து, நான்கு வருடங்களுக்கு மாதாந்தம் ஒரு இலட்சம் ரூபா வீதம் வழங்கினால், எந்த ஒரு வருடத்திலும் 100 பேருக்கு மேல் அதில் இருக்கமாட்டார்கள். ஆண்டுச் செலவு 12 கோடி ரூபா மாத்திரமே. தீங்கான பற்றீரியா காணப்படுவதாகக் கூறி எமது அதிகாரிகள் நிராகரித்ததால் இந்நாட்டில் இறக்கப்படாமலே போன சீனச் சேதனப் பசளைக்காக, 2022 ஜனவரியில் செலுத்தப்பட்ட தொகை சுமார் 69 இலட்சம் டொலர்களாகும். அன்றைய நாணயமாற்று வீதப்படி அது ஏறத்தாழ 138 கோடி ரூபா. ஒரு பிடி பசளையும் கிடைக்காத அந்தக் கொடுப்பனவைக் கொண்டு மேற்கூறிய திட்டத்தை 11 வருடங்களுக்கு நடத்தியிருக்க முடியும்.

அத்தகைய திட்டமொன்று வகுக்கப்படுமாயின் மூன்று விடயங்கள் கவனிக்கப்பட வேண்டும். உதவி பெறுவோரின் தெரிவு பகிரங்கமானதாகவும் அரசியல் சிபாரிசுக்கு அப்பாற்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்கு, ஊவா போன்ற பிராந்தியப் பல்கலைக்கழகங்களின் மாணவர்களுக்கும் தமிழில் கள ஆய்வு செய்வோருக்கும் உரிய இடம் ஒதுக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, ஆய்வை முடித்தவருக்கு அரச சேவையிலோ பல்கலைக்கழகத்திலோ பணியொன்று காத்திருக்க வேண்டும். நாட்டுக்குத் திரும்புவேன் என்று பிணைமுறியில் கையெழுத்து வாங்குவதனால் மாத்திரம் எவரையும் தடுத்து வைக்க முடியாது என்பதை எமது அனுபவம் போதியளவு உணர்த்தியுள்ளது.

வெளிநாட்டு அனுமதிக் கடிதத்துடன் இன்று மகிழ்ந்திருக்கும் இளைஞர், யுவதிகளுக்கும் ஒரு வார்த்தை. அனுமதி என்பது வேறு, நிதியுதவி என்பது வேறு. கட்டண விலக்கு முழுமையானதா, கொடுப்பனவு எத்தனை வருடங்களுக்கு, கள ஆய்வுச் செலவை யார் ஏற்பார் என்பவற்றை எழுத்தில் பெறாமல், பெற்றோரின் காணியை ஈடுவைத்துப் புறப்பட வேண்டாம்.

கலாநிதிப் பட்டத்துக்குக் கொடுக்கும் பணத்தைத் தனிமனிதர் ஒருவருக்கு அளிக்கும் சலுகையாகவே ஆட்சியாளர்கள் பார்த்து வருகின்றனர். உண்மையில் அது, நாட்டின் அடுத்த தவறுக்கு முன்கூட்டியே கட்டும் காப்புறுதிப் பணமாகும். அதைக் கட்டத் தவறியதன் விலையை 2022 ஆம் ஆண்டில் எரிபொருள் வரிசைகளில் நின்றவர்கள் செலுத்தினார்கள். மற்றொரு முறை அவ்விலையைச் செலுத்தும் சக்தி இந்நாட்டு மக்களுக்கு இல்லை.