பழைய துவிச்சக்கர வண்டிக்குப் புது வர்ணம்

யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றிலே பின்விறாந்தையின் ஒரு மூலையிற் பழைய துவிச்சக்கர வண்டியொன்று சாய்ந்து நிற்பதைக் காணலாம். அது தந்தையோ பாட்டனோ வாங்கிய ‘றலி’ வண்டியாயிருக்கலாம், ‘ஹம்பர்’ வண்டியாயிருக்கலாம். 1990ஆம் ஆண்டு தொடக்கம் வடபகுதிக்கு எரிபொருள் வருவது தடைப்பட்ட காலத்தில், நெல்மூட்டையையும் விறகையும் நோயாளியையும் சுமந்து சென்றவை இத்தகைய வண்டிகளே. இன்று அதன் வர்ணம் வெடித்து, ஆங்காங்கே கறள் தலைகாட்டுகின்றது. விற்பதற்கு மனம் வரவில்லை. புதிதாக வர்ணம் பூசிப் பேரப்பிள்ளையிடம் கொடுக்கலாமென்று வீட்டுக்காரர் எண்ணுகின்றார். நல்ல எண்ணந்தான். ஆனால் தூரிகையை எடுப்பதற்கு முன் அவர் அறிய வேண்டியவை சில உள.

முதலாவது, சட்டத்தின் உடல்நலம். பழைய ஆங்கில வண்டிகளின் சட்டம் உருக்குக் குழாய்களாலானது. குழாய்கள் சந்திக்குமிடங்களிற் பொருத்துக்களை வைத்துப் பித்தளையை உருக்கி இணைத்திருப்பர். கைபிடியைத் தாங்கும் முன்குழாயின் அருகிலும், மிதிகளின் அச்சைச் சூழ்ந்த இடத்திலுமே வெடிப்புகள் பெரும்பாலும் தோன்றும். மயிரிழை போன்ற கோடொன்று, அதன் ஓரத்தில் மண்ணிறக் கசிவு, இவையே அதன் அறிகுறி. இதன்மேல் வர்ணம் பூசினாற் கோடு மறையும்; வெடிப்பு மறையாது. ஒரு நாள் பள்ளத்தில் விழுந்தெழும்போது சட்டம் முறிந்து, ஓட்டிச் செல்லும் பிள்ளையே வீதியில் விழ நேரும். ஆதலின் வெடிப்புக் காணப்படின் தேர்ந்த ஒட்டுவேலைக்காரரிடம் காட்டிச் சீர்செய்த பின்னரே பூச்சைப் பற்றி எண்ண வேண்டும்.

இரண்டாவது, கறளின் இயல்பு. இரும்பு, நீர், ஒட்சிசன் என்னும் மூன்றும் கூடுமிடத்திற் கறள் உண்டாகின்றது. உப்புக் கலந்த கடற்காற்று அதனை விரைவுபடுத்துகின்றது. தான் தின்ற இரும்பிலும் பார்க்கக் கறள் அதிக இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனாலேயே அது பூச்சின் அடியிலிருந்து பொங்கியெழுந்து பூச்சை உரிக்கின்றது. கறளின்மேற் பூசப்படும் வர்ணம் ஒரு மாரிகாலத்தையும் தாங்காது என்பதன் காரணம் இதுவே.

எனவே வேலை கழற்றுவதிலே தொடங்குகின்றது. சில்லுகள், சங்கிலி, மிதிகள், கைபிடி, முன்கவை ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். சுழலும் இடங்களிலுள்ள சிறு உருக்குக் குண்டுகளை இடத்துக்கொரு தகரப்பேணியில் இட்டு, இன்ன இடத்தவை என்று எழுதி வைப்பது நன்று. பின்னர் மண்ணெண்ணெயாற் கிரீசைப் போக்கிச் சவர்க்கார நீரினாற் கழுவி உலர்த்த வேண்டும்.

அடுத்தது தேய்த்தல். இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். பழைய வர்ணங்களிலும் அடிப்பூச்சுக்களிலும் ஈயம் கலந்திருப்பது வழக்கம். உலர்ந்த பூச்சைத் தேய்க்கும்போது எழும் தூசி மூச்சுடன் உட்செல்லும், தரையிற் படியும், தவழும் குழந்தையின் கைவழியாக வாயை அடையும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. ஆகவே நீரிலே நனைக்கும் அரத்தாளைக் கொண்டு ஈரமாகவே தேய்க்க வேண்டும். முகத்தை நன்கு மூடிக்கொள்ளல் வேண்டும். கிணற்றடியிலோ சமையற்கட்டின் அருகிலோ இவ்வேலை ஆகாது. கழிந்த சேற்றைத் துணியால் ஒற்றியெடுத்துக் கட்டி அகற்ற வேண்டும். கரடான தாளிலே தொடங்கி, இலக்கம் கூடிய மென்தாளில் முடிப்பது முறை. குரோமியம் பூசிய பளபளப்பான பாகங்களில் அரத்தாள் படலாகாது.

வெளிப்பட்ட உருக்கு ஈரக்காற்றிற் சில மணி நேரத்திலேயே மீண்டும் கறளேறத் தொடங்கும். அதனால் தேய்த்துத் துடைத்து உலர்த்திய அன்றே அடிப்பூச்சுப் பூச வேண்டும். செந்நிற இரும்பொட்சைட்டு அடிப்பூச்சு இதற்கு ஏற்றது. பூசுமுன் திருகு புரிகளையும் குண்டுகள் ஓடும் கிண்ணங்களையும் கடதாசியால் அடைத்துவிடல் வேண்டும். சட்டத்தில் வெட்டப்பட்ட தொடர் இலக்கம் தடித்த பூச்சினால் நிரம்பிவிடாது காப்பதும் முக்கியம். களவு போன வண்டியை இன்னாருடையதென்று நிறுவ உதவுவது அவ்விலக்கமே.

மேற்பூச்சில் அவசரம் கூடாது. எண்ணெய் சார்ந்த எனாமல் வர்ணம் வெறுமனே நீர் உலர்வது போல் உலர்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்றே இறுகுகின்றது. இரும்பை அழிக்கும் அதே ஒட்சிசன் இங்கே இரும்பைக் காக்கும் போர்வையை இறுக்குகின்றது. தடிப்பாக ஒரே முறையிற் பூசினால் மேற்பரப்பு முதலில் இறுகி, உள்ளே பச்சையாக நின்று, தோல் சுருங்கியது போலாகும். மெல்லியதாக இரண்டு மூன்று முறை பூசி, ஒவ்வொரு முறையும் நன்றாகக் காயவிட்டு, இடையே இலேசாகத் தேய்த்துக்கொள்வதே சிறந்தது. கடைசிப் பூச்சின் பின் ஒரு வாரமாவது பொறுத்தபின் பாகங்களைப் பூட்டினாற் கீறல் விழாது.

இனி நிறம். பழைய வண்டிகளிற் பெரும்பாலானவை கறுப்பாயிருந்தமைக்குக் காரணங்கள் உண்டு. சூளையிற் சுட்டு இறுக்கிய கறுப்பு எனாமல் உறுதியும் மினுக்கமும் உடையது. கறுப்பு வர்ணத்திலுள்ள கரி, சூரியனின் ஊதாகடந்த கதிர்களைத் தாங்கிப் பூச்சைக் காக்கும். மசகின் அழுக்கும் அதில் எடுத்துக்காட்டாது. சிவப்பு கண்ணைக் கவரும். ஆயினும் சிவப்பு வர்ணங்களுட் சில வெயிலில் விரைவாக வெளிறும். கடும்பச்சையும் கருநீலமும் நடுத்தரமானவை. வெள்ளை, கறளின் சிறு புள்ளியையும் காட்டிக்கொடுக்கும். அதனைக் குறையென்பார் உளர். நோயை முன்கூட்டியே அறிவிப்பதால் அது நன்மையுமாம். அன்றியும் இருள் வேளையில் வெளிர்நிறம் தூரத்திலிருந்தே தெரியும். பழைய ஆங்கில வண்டிகளின் பின் மட்காட் நுனியிற் காணப்படும் வெண்பட்டை இதற்காகவே இடப்பட்டது. வண்டி கறுப்பாயிருப்பினும் அப்பட்டையை மீண்டும் இடுவது நலம். ஆனால் விளக்குக்கு அது ஈடாகாது.

கடையிற் காட்டும் அட்டையை மட்டும் நம்பி நிறம் தெரிதல் தவறு. உருண்ட குழாயின் மேற்புறம் ஒளிர்ந்தும் கீழ்ப்புறம் இருண்டும் தோன்றும். கடும் நிறங்கள் நிழலிற் கறுப்பாகவே மாறிவிடும். வெறும் தகரப்பேணியொன்றிற் பூசி, வெயிலிலும் மாலை மங்கலிலும் வைத்துப் பார்த்தபின் முடிவு செய்யலாம்.

இறுதியாக ஒரு கேள்வி: எல்லா வண்டிக்கும் புது வர்ணம் வேண்டுமா? ஆலையிலிட்ட பூச்சும், கையால் இழுத்த பொன்னிறக் கோடும் பெரும்பாலும் நிலைத்திருப்பின், கறள் கண்ட இடங்களை மட்டும் திருத்தி மெழுகிட்டு வைப்பதே மேல். ஒருமுறை சுரண்டி எடுத்ததை மீண்டும் பெற முடியாது. பாட்டனின் கைபட்டுத் தேய்ந்த இடமும் அதனோடு போய்விடும். கறள் பெருகிச் சட்டத்தையே தின்னத் தொடங்கியிருந்தால் மட்டும் தயங்க வேண்டியதில்லை. அப்போது பழைய நிறத்தை விட்டுக்கொடுத்தாவது வண்டியைக் காப்பதே அறிவுடைமை. அடுத்த தலைமுறையின் கால்கள் மிதிப்பதற்கு வேண்டுவது நிறமன்று, உறுதியான சட்டமே.