வட்டி இல்லாத கடன், விடாத முதலாளி!

பட்டுக்கும் அரிசிக்கும் பேர் போன ஊர் ஆரணி. ஆனால் பட்டு நெய்யும் பல வீடுகளில் அரிசி வாங்குவது கடனுக்குத்தான்!

மழை வந்தால் குழித்தறியில் ஈரம் ஊறும். தறி நின்றால் கூலி இல்லை. அண்டா, குண்டா அடகுக் கடைக்குப் போகும்.

கலியாணம், பிரசவம் என்றால் பட்டு முதலாளியிடம் முன்பணம். "வட்டியே இல்லியே, நல்லதுதானே?" என்பீர்கள். அங்கேதான் முடிச்சு! பாக்கி தீரும்வரை, அடுத்த தெருவில் கூலி கூடுதல் என்றாலும் போக முடியாது. புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டினால்தான் விடுதலை. அப்போதும் கடன் தீராது, முதலாளிதான் மாறுவார்!

கடனைக் காட்டி வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுத்தால் அதுவும் கொத்தடிமைதான் என்கிறது 1976-ம் ஆண்டுச் சட்டம்.

பெண்கள் கூலியில் கொஞ்சம் ஒதுக்கிச் சீட்டுக் கட்டுகிறார்கள். சீட்டுப் பணம் எடுத்தால் எந்த முதலாளிக்கும் கட்டுப்பட வேண்டாமே!