பறக்கும் முன் ஒரு நிமிடம்

பேட்டரியில் ஓடும் மாடல் விமானங்கள் கல்லூரி மாணவனின் கைக்கு எட்டும் விலைக்கு வந்துவிட்டன. வாங்குவது சுலபம். விரல் போகாமல், வீடு எரியாமல், யார் தலையிலும் விழாமல் பறக்கவிடுவதுதான் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. ஊர் எல்லையில், பிளாட் போட்டுக் கல் நட்டும் வீடு வராமல் கிடக்கும் வெற்று நிலம். ஸ்கூட்டர்களிலிருந்து எடையே இல்லாத இறக்கைகள் இறங்குகின்றன. பெங்களூர், புனே, ஹைதராபாத் என்று எந்தப் பெருநகரின் விளிம்பிலும் காணக்கூடிய காட்சி இது. வந்திருப்பவர்களில் பாதிப் பேர் பொறியியல் மாணவர்கள். மீதிப் பேர் சிறுவயதில் ஆசைப்பட்டு, சம்பளம் வந்தபிறகு நிறைவேற்றிக்கொள்கிறவர்கள். ஏழு மணிக்குள் கூட்டம் சேர்ந்துவிடும். கிரிக்கெட் ஆட வந்த பையன்கள், நடைப்பயிற்சிக்காரர்கள், இரண்டு மூன்று நாய்கள். எல்லோரும் அண்ணாந்து பார்க்கத் தயாராக நிற்கிறார்கள். ஆனால் பார்க்கவேண்டிய இடம் வானமல்ல. தரையில் குந்தியிருக்கும் இளைஞன் பேட்டரியின் மஞ்சள் இணைப்பானைச் செருகும் அந்த நொடியைத்தான்.

விமானம் விழுந்து நொறுங்கினால் நஷ்டம் பெரும்பாலும் பணத்தோடு போய்விடும். ரத்தக்காயம் ஏற்படுவது அநேகமாகத் தரையில், பேட்டரி இணைத்ததற்கும் சக்கரம் உருளத் தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரத்தில். அதற்கான காரணம் இந்த விமானங்களின் வரலாற்றிலேயே இருக்கிறது.

மின்சாரத்தில் ஓடிய ரேடியோ கட்டுப்பாட்டு மாடல் விமானம் முதன்முதலாகப் பறந்ததாகப் பதிவாகியிருப்பது 1957 ஜூன் 30 அன்று, பிரிட்டனில். கர்னல் டாப்ளின் என்பவரின் 'ரேடியோ குயீன்' அது. அதில் இருந்தது வெள்ளி-துத்தநாக பேட்டரி. ஆனால் பேட்டரிகள் கனத்தவை, சக்தி குறைந்தவை. எனவே அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகளுக்கு இத்துறையில் ராஜ்யம் நடத்தியவை மெத்தனாலும் எண்ணெயும் குடித்த குட்டி எஞ்சின்கள்தான். என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தவர்களுக்கு அந்த நாற்றமும் இரைச்சலும் இன்றும் நினைவிருக்கும். 1991இல் லித்தியம்-அயான் பேட்டரி சந்தைக்கு வந்தது. அதன் உறவான லித்தியம்-பாலிமர், மாடல் விமானப் பிரியர்கள் செல்லமாக அழைக்கும் 'லைப்போ', 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் எஞ்சினைக் கிட்டத்தட்ட ஓரங்கட்டிவிட்டது.

எஞ்சினைக் கிளப்ப மெனக்கெட வேண்டியிருந்தது. கிளம்பிவிட்டால் தெருவே கேட்கும். ஓடுகிற எஞ்சினுக்கு அருகே யாரும் தெரியாமல் கை வைத்துவிட முடியாது. மின் மோட்டாரோ பேட்டரி இணைத்த பிறகும் பொம்மைபோல் சும்மா கிடக்கும். மடியில் வைத்துக்கொள்ளலாம் போலிருக்கும். டிரான்ஸ்மிட்டரின் குச்சியில் சட்டைக் கை பட்டால் போதும், கால் நொடிக்குள் முழு வேகத்தில் சுழலும். 10 அங்குல விசிறி நிமிடத்துக்கு 8,000 சுற்றுச் சுற்றினால் அதன் நுனியின் வேகம் மணிக்கு சுமார் 380 கிலோமீட்டர். விரலில் மோதினால் குட்டி எஞ்சின் பல சமயம் திணறி நின்றுபோகும். மோட்டார் அப்படியல்ல. தடை வந்தால் இன்னும் அதிக மின்சாரத்தை இழுத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் சுழலப் பார்க்கும்.

ஆகவே அனுபவஸ்தர்களின் முதல் விதி: பேட்டரி இணைந்துவிட்டால் விசிறி சுற்றிக்கொண்டிருப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். கை, முகம், கழுத்தில் தொங்கும் வார், துப்பட்டா எதுவும் விசிறிக்கு முன்னாலோ அது சுழலும் தளத்திலோ இருக்கக்கூடாது. விமானத்தை ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, இன்னொருவர் இணைப்பது உத்தமம்.

இதில் வரிசைமுறை முக்கியம். முதலில் டிரான்ஸ்மிட்டரை 'ஆன்' செய்து, திராட்டில் குச்சி அடியில் இருக்கிறதா, மோட்டாரை முடக்கும் சுவிட்ச் போடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகுதான் விமானத்தில் பேட்டரி. முடிக்கும்போது நேர்மாறு: முதலில் பேட்டரியைப் பிடுங்க வேண்டும், டிரான்ஸ்மிட்டர் கடைசியில். எஜமானன் இல்லாமல் விமானம் ஒரு நொடிகூட விழித்திருக்கக்கூடாது என்பதே இதன் தாத்பரியம். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் தத்தம் ஜோடியை மட்டுமே அடையாளம் கண்டுகொள்வதால், பக்கத்து ஆளின் அலைவரிசை குறுக்கிட்டு விமானம் விழுகிற பழைய தலைவலி பெருமளவு தீர்ந்தது. ஆனால் தொடர்பு அறுந்தால் என்ன செய்யவேண்டும் என்பதை ரிசீவருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது. அதைச் சோதிக்க வழி எளிது. வீட்டில், விசிறியைக் கழற்றிவிட்டு, மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைக்கவேண்டும். மோட்டார் நிற்கவேண்டும். நிற்காமல் ஓடினால் அந்த விமானம் மைதானத்துக்குப் போக லாயக்கில்லை. புது விமானத்தின் எல்லாச் சரிபார்ப்புகளையும் விசிறியைக் கழற்றிவிட்டுச் செய்தால் பாதி விபத்துகள் பிறக்காமலே போகும்.

மைதானத்தில் செய்யவேண்டிய சோதனைகள் ஒரு நிமிடத்தில் முடிபவை. அதனாலேயே அவசரத்தில் விடுபட்டுப்போகின்றன. விமானத்துக்குப் பின்னால் நின்று குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் ஏலரான் மேலே எழவேண்டும். எலிவேட்டர் குச்சியைத் தன் பக்கம் இழுத்தால் வாலின் மடிப்பு மேலே வரவேண்டும். முந்தின இரவு ரிப்பேர் பார்த்துக் கம்பிகளை மாற்றிச் செருகியவர்கள், இதைப் பார்க்காமல் விட்டு, மேலெழுந்த மூன்றாம் நொடியில் விமானத்தைத் தரையில் குத்துவது இந்தப் பொழுதுபோக்கின் ஆகப் பழைய சோகம். அடுத்தது எடைச் சமநிலை. பேட்டரியை உள்ளே வைத்து, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே இரு விரல்களால் தாங்கிப் பார்த்தால் விமானம் மட்டமாகவோ மூக்கு லேசாகத் தாழ்ந்தோ நிற்கவேண்டும். மூக்கு சற்றுக் கனத்தால் சோம்பலாகப் பறக்கும், அவ்வளவுதான். வால் கனத்த விமானத்தை அனுபவசாலியாலும் அடக்குவது கடினம். பேட்டரி உள்ளே நகராதபடி பட்டையால் கட்டியிருப்பதும் இதோடு சேர்ந்தது. நடுவானில் அது பின்னால் சரிந்தால் சமநிலையும் சரியும்.

இனி, பேட்டரி. விசிறிக்குப் பயப்படுகிறவர்கள்கூட இதைச் சாதுவான பொருளாக நினைத்துவிடுகிறார்கள். பயிற்சி விமானங்களில் சாதாரணமாகப் பயன்படும் 2,200 மில்லி ஆம்பியர்-மணி, மூன்று செல் பேட்டரி ஒரு சோப்புப் பெட்டி அளவுதான். அதன்மேல் '25 சி' என்று அச்சிட்டிருந்தால் 55 ஆம்பியர் தரவல்லது என்று அர்த்தம். வோல்ட் கணக்கு வேறு என்றாலும், வீட்டில் ஒன்றரை டன் ஏ.சி. இழுப்பது ஏழு ஆம்பியர் அளவுக்குத்தான் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பையில் சாவிக்கொத்தோடு கிடந்து இரு முனைகளும் தொட்டுக்கொண்டால் சாவி பழுக்கக் காய்ந்துவிடும்.

ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கக்கூடாது. இந்த எல்லைகளை மீறுவதுதான் பெரும்பாலான தீ விபத்துகளின் மூலம். அதனால் லைப்போவுக்கென்றே செய்த, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே சமன் செய்யும் சார்ஜரில்தான் ஏற்றவேண்டும். செல் எண்ணிக்கையை ஒருமுறைக்கு இருமுறை பார்க்கவேண்டும். கொள்ளளவுக்குச் சமமான மின்னோட்டம், அதாவது 2,200க்கு 2.2 ஆம்பியர், பாதுகாப்பான வேகம். சுமார் ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும். இரவில் கட்டிலுக்கு அடியில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவதும், மர அலமாரியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவதும் வீட்டையே பணயம் வைக்கும் காரியங்கள். வெறும் சிமெண்ட் தரை அல்லது பீங்கான் ஓடு, பக்கத்தில் ஒரு வாளி மணல், திறந்த ஜன்னல் ஆகியவை போதும். தீப்பிடித்தால் வரும் புகை நச்சு. குனிந்து பார்க்கக்கூடாது.

உப்பிப்போன பேட்டரி இன்னும் இரண்டு தடவை தாங்கும் என்று சிக்கனம் பார்ப்பது நம் ஊர் வழக்கம். உள்ளே வாயு சேர்ந்துவிட்டதன் அடையாளம் அந்த வீக்கம். அதற்கு வைத்தியம் கிடையாது. விபத்தில் நசுங்கிய பேட்டரியோ அப்போது சும்மா இருந்துவிட்டு, அரை மணி கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறாமல், திறந்த வெளியில் தனியே வைத்துக் கண்காணிக்க வேண்டும். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் விடுவதும் கூடாது. வெளியூர்ப் போட்டிக்கு விமானத்தில் போகிற மாணவர்கள் பேட்டரிகளைப் பெட்டியில் போட்டு ஒப்படைக்க முடியாது. முனைகளை டேப்பால் மூடிக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். பொதுவாக அனுமதிக்கப்படும் 100 வாட்-மணி வரம்புக்குள், 24 வாட்-மணி உள்ள இந்தச் சின்னப் பேட்டரி தாராளமாக அடங்கும்.

எங்கே பறக்கவிடுவது என்பது அடுத்த தலைவலி. மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். ஒரு கிலோ எடையுள்ள விமானம் மணிக்கு 60 கிலோமீட்டரில் மோதினால், நான்காவது மாடியிலிருந்து ஒரு கிலோ கல் விழுவதற்குச் சமம். மிருதுவான ஃபோமில் செய்தது என்பது ஓரளவு ஆறுதல்தான். உள்ளே பேட்டரியும் மோட்டாரும் கெட்டியானவை. பார்வையாளர்கள் எல்லோரும் விமானியின் முதுகுக்குப் பின்னால் நிற்கவேண்டும், விமானம் எப்போதும் அவருக்கு முன்னால் பறக்கவேண்டும். விழுந்ததும் எடுத்துவர ஓடும் சிறுவர்களைத் தடுக்க ஒரு ஆள் தேவை. மின்கம்பியில் சிக்கினால் கம்பு கொண்டு எடுக்கப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதே வழி. பருந்துகள் வட்டமிடும் இடத்தையும், காற்றாடிக் காலத்தில் மாஞ்சா நூல் குறுக்கிடும் வானத்தையும் தவிர்ப்பது நல்லது.

சட்டமும் உண்டு. 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகள் பொழுதுபோக்குக்கும் கல்விக்கும் கண்பார்வைக்குள் பறக்கவிடும் 25 கிலோ வரையிலான மாடல் விமானத்தைத் தனி வகையாக அங்கீகரித்து, ரகச் சான்றிதழிலிருந்து விலக்கு அளித்தன. ஆனால் வான்வெளிக் கட்டுப்பாடு பொம்மைக்கும் பொருந்தும். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை அந்த உச்சவரம்பு 200 அடிதான். அதைவிட நெருங்கினால் அனுமதியில்லாமல் கூடாது. குடியரசு தினம், சுதந்திர தினம் நெருங்கும்போது டில்லி போலீஸ் ரிமோட் விமானங்களுக்குத் தனியாகத் தடை போடுவது வழக்கம். உள்ளூர் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது, மைதானத்தில் கூட்டத்துக்கு முன் விளக்கம் சொல்லும் சங்கடத்தைத் தவிர்க்கும்.

பறக்கவிடக் கற்பது கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் தொடங்கினால் செலவு மிச்சம். அங்கே விமானம் நூறு முறை உடையலாம். புதியவரைக் குழப்புவது ஒன்றுதான்: விமானம் தன்னை நோக்கி வரும்போது இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிவிடுகிறது. பழகும்வரை இதற்கு ஒரு தந்திரம் உண்டு. எந்தப் பக்கத்து இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமாகக் குச்சியைத் தள்ளினால், முட்டுக் கொடுத்தாற்போல் அது நிமிர்ந்துவிடும். முதல் சில நாட்களுக்கு உயர்ந்த இறக்கை வைத்த பயிற்சி விமானமும், மரக்கிளை அசையாத காலை நேரமும், பக்கத்தில் ஒரு குருவும் போதும். காற்றை எதிர்த்தே கிளப்பவேண்டும், எதிர்த்தே இறக்கவேண்டும். கையால் எறிபவர்கள் உற்சாகத்தில் வானத்தைப் பார்த்து எறிகிறார்கள். விமானம் வேகமிழந்து, மூக்குக் குப்புற விழுகிறது. கிட்டத்தட்ட மட்டமாக எறிந்தால் வேகம் பிடித்துத் தானே ஏறும். மேலே போனதும் உயரத்தைச் சேமித்து வைத்துக்கொள்வது நல்லது. தவறைத் திருத்த அவகாசம் தருவது உயரம்தான். 200 மீட்டருக்கு அப்பால் போய்விட்டால், 1.2 மீட்டர் இறக்கையுள்ள விமானம் வருகிறதா போகிறதா என்பதே புரியாமல் போகும்.

டிரான்ஸ்மிட்டரில் நேரம் வைத்துக்கொண்டு, பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போதே இறக்கிவிடுவது வழக்கம். முதல் சில முறை எட்டு நிமிடத்துக்குப் பதில் ஐந்து நிமிடத்தில் இறக்கி, சார்ஜர் எவ்வளவு திருப்பி ஏற்றுகிறது என்று பார்த்தால் கணக்குப் பிடிபட்டுவிடும். இறங்கியதும் கைதட்டலுக்கு நடுவே ஓடிப்போய்த் தூக்குவதற்கு முன், மோட்டார் முடக்கும் சுவிட்ச். பிறகு பின்னாலிருந்து நெருங்கி, பேட்டரியைப் பிடுங்கி, டிரான்ஸ்மிட்டரை அணைக்கலாம். சூடாக இருக்கும் பேட்டரி ஆறட்டும். அடுத்த ஞாயிறுவரை சும்மா இருக்கப்போகிறதென்றால், முழுசாக ஏற்றியோ காலியாகவோ வைக்காமல் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி, ஒரு இரும்புப் பெட்டியில் வெயில் படாத இடத்தில் வைக்கவேண்டும். பெட்டியின் மூடி இறுக்கமாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; வாயு வெளியேற வழி வேண்டும்.