உங்களுக்குத் தெரியுமா? செம்பனை எண்ணெயில் வளரும் கெளுத்தி

மீன் தீவனத்தில் சேரும் மீன் எண்ணெயை உலகுக்கு அதிகம் தருவது பெரு நாட்டுக் கடலின் நெத்திலி. எல் நினோ வந்து கடல் சூடேறினால் அதற்குத் தட்டுப்பாடு. 2023-இல் அங்கே முதல் பருவ மீன்பிடிப்பையே அரசு ரத்து செய்தது. எண்ணெய் விலை எகிறியது.

கெளுத்தி வளர்ப்பவருக்கு இந்தக் கவலை அவ்வளவு இல்லை. கொடுவா போன்ற மீன்களுக்கு நீண்ட சங்கிலி ஒமேகா-3 கொழுப்பை ஆயத்தமாகவே ஊட்ட வேண்டும். நன்னீர்க் கெளுத்தியோ, ஆளிவிதை, சோயா எண்ணெய்களில் உள்ள லினோலெனிக் அமிலத்தில் ஓரளவைத் தன் ஈரலிலேயே அந்த நீண்ட சங்கிலிக் கொழுப்பாக மாற்றிக்கொள்ளும்.

பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு மீன் எண்ணெய்க்குப் பதில் செம்பனை எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள். வளர்ச்சி குறையவில்லை. செம்பனையின் வைட்டமின் ஈ சதையில் தங்குவதால் கொழுப்பு காறிப்போவதும் தாமதமாகிறது. (இந்தியாவில் இந்தக் கெளுத்தியை வளர்க்கத் தடை உண்டு, ஆசை வேண்டாம்!)

ஆனால் மீனின் கொழுப்பு, அது தின்ற எண்ணெயின் நகல். செம்பனையில் ஒமேகா-3 ஏறக்குறைய இல்லை; ஆகவே சதையிலும் குறைந்துவிடும். சூரியகாந்தி எண்ணெய் கொடுத்தால் ஒமேகா-6 கூடும். அறுவடைக்குச் சில வாரங்களுக்கு முன் மறுபடி மீன் எண்ணெய்த் தீவனம் போட்டு இழந்ததில் ஒரு பகுதியை மீட்கலாம். செலவு கூடும் என்பதால் மலிவு விலைக் கெளுத்திக்கு அது கட்டுப்படியாகாது.

ஒமேகா-3-க்காகவே மீன் வாங்குகிறவர்கள் மத்தி வாங்குவதே மேல்.